பூட்டிய பெட்டியும் திறந்த குறிப்பேடும்

பயின்ற கல்லூரியிலிருந்து அழைப்பு வரும்போது, அறுபது அகவையைக் கடந்தவனும் ஒரு நொடியில் மாணவனாகி விடுகிறான். சென்ற திங்கள் ஒரு மாலைப்பொழுதில் எனக்கு அத்தகையதோர் அழைப்பு வந்தது. தொலைபேசியில் பேசியவர், பட்ட வகுப்பில் எனக்குப் பகுதி ஒன்று தமிழ் கற்பித்த பேராசிரியர் ஐயா அவர்கள். ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் ஆகியும், தமிழ்த்துறையின் விழா என்றால் முதல் ஆளாய் வந்து நிற்கும் பெருந்தகை அவர்.

"தம்பி, நீ சதுரங்கம் ஆடும் கணிப்பொறி நிரல் ஒன்று எழுதி வைத்திருக்கிறாயாமே? அது தமிழிலேயே பேசுகிறதாமே? துறை விழாவில் அதனை வெளியிட்டு விடலாம். மாணவர் அனைவர்க்கும் படி எடுத்துக் கொடுக்கலாம். என்ன சொல்கிறாய்?" என்று கேட்டார்.

அவர் கேள்விப்பட்டது உண்மைதான். வங்கிப் பணியில் இருந்துகொண்டே, இரவு நேரங்களிலும் விடுமுறை நாள்களிலும், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எழுதியும் அழித்தும் மீண்டும் எழுதியும் நான் வளர்த்த நிரல் அது. நாம் ஒரு காயை நகர்த்தினால் தானும் ஒன்றை நகர்த்தும். "ராஜாவுக்கு முற்றுகை" என்று திரையில் தமிழில் எழுதும். தோற்றுவிட்டால், "நன்றாக ஆடினீர்கள், மறுபடியும் ஆடலாமா?" என்று கேட்கும். அதன் இன்றைய வடிவம் என் வீட்டுக் கணிப்பொறியைத் தவிர வேறெங்கும் இல்லை.

ஆசிரியர் கேட்டால் மறுக்கலாகாது என்று வளர்க்கப்பட்டவன் நான். ஆயினும், "இயலாது ஐயா, மன்னியுங்கள்" என்றேன்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "ஏட்டைப் பரணில் போட்டுப் பூட்டியவர்களின் கதையை உனக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேனே, தம்பி" என்று மட்டும் கூறினார். அக்குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. அது கோபத்தினும் மிகுதியாகச் சுட்டது. "காரணத்தைத் தொலைபேசியில் சொல்லத் தெரியவில்லை, ஐயா. மலருக்கு எழுதித் தருகிறேன்" என்றேன். அவ்வாறு எழுதப் பெற்றதே இக்கட்டுரை.

தந்தையாரின் கேள்வி

எனக்குச் சதுரங்கம் கற்பித்தவர் என் தந்தையார். மாலைத் தேநீருக்குப் பின், கட்டங்கள் தைத்த துணியொன்றைத் திண்ணையில் விரித்துக் காய்களை அடுக்குவார்கள். எங்கள் வீட்டில் ஆடியது பழைய நாட்டு முறை. அதில் சிப்பாய் தன் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தாண்டலாம் என்னும் பன்னாட்டு விதியை நான் அறிந்தது இக்கல்லூரிக்கு வந்த பின்னரே. இச்சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன். பின்னர் அது பயன்படும்.

1996 பிப்ரவரியில் பிலடெல்பியா நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' என்னும் கணிப்பொறியை உலக வாகையர் காஸ்பரோவ் நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றார். 1997 மே மாதத்தில் நியூயார்க் நகரில் அதே கணிப்பொறி, மேலும் வலுவூட்டப் பெற்று வந்து, மூன்றரைக்கு இரண்டரை என்று அவரை வென்றது. செய்தித்தாளை நான் உரக்கப் படித்தேன். அப்பொறி நொடிக்கு ஏறத்தாழ இருபது கோடி ஆட்ட நிலைகளை ஆராய்கிறது என்னும் வரியைக் கேட்டதும் தந்தையார் கையை உயர்த்தி நிறுத்தினார்கள்.

"இருபது கோடியைப் பார்த்துத்தான் அது ஜெயித்தது. அந்த மனிதர் எத்தனை பார்த்திருப்பார்? பத்தா, இருபதா? அந்தப் பத்தை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார்? அதை முதலில் சொல்லு" என்றார்கள்.

"தெரியவில்லை, அத்தா" என்றேன். கணிதத்தில் பட்டம் பெற்றவனுக்கு அந்த விடை கூச்சத்தைத் தந்தது. மறு ஆண்டு வங்கியில் பண்டிகை முன்பணம் பெற்று, ஒருவர் பயன்படுத்திய கணிப்பொறியை வாங்கி வந்தேன். சி என்னும் நிரல்மொழியைப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றேன். தந்தையாரின் கேள்விக்கு விடை காண்பதே நோக்கம். அந்த விடை இன்றளவும் எனக்கு முழுமையாகக் கிட்டவில்லை. நிரல் மட்டும் வளர்ந்தது.

பொறி ஆடும் முறை

தமிழ் பயிலும் மாணவர்கள் அறியும் பொருட்டு, பொறி எங்ஙனம் ஆடுகிறது என்பதைச் சுருங்கச் சொல்ல வேண்டும். இதன் அடிப்படையை வகுத்தவர் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன். 1950இல் வெளிவந்த தம் கட்டுரையில் அவர் இருவகை முறைகளைக் காட்டினார். எல்லா நகர்த்தல்களையும் குறிப்பிட்ட ஆழம் வரை ஆராய்வது ஒன்று. பயனுள்ளவை எனத் தோன்றும் சிலவற்றை மட்டும் தேர்ந்து ஆழமாக ஆராய்வது மற்றொன்று. என் தந்தையார் கேட்டது இந்த இரண்டாவதைப் பற்றித்தான். ஷானனின் பெயரை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

இங்கிலாந்தின் ஆலன் டூரிங் எழுதிய நிரலை ஓட்டவல்ல பொறி அவர் காலத்தில் அவருக்கு வாய்க்கவில்லை. ஆகவே 1952இல், தாமே பொறியாக அமர்ந்து, தாளில் கணக்கிட்டு, தம் நிரல் சொன்ன நகர்த்தல்களை மட்டும் ஆடினார். ஒரு நகர்த்தலுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் பிடித்தது. அந்த ஆட்டத்தில் நிரல் தோற்றது. அத்தோல்வியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. தோற்கும் நிரலை எழுதியவன் நான் மட்டும் அல்லன் என்ற ஆறுதல் அது.

நம் நகர்த்தல், அதற்கு எதிரியின் மறுமொழி, அதற்கு நம் மறுமொழி என ஆட்டம் மரம்போல் கிளைக்கிறது. கிளை நுனியில் உள்ள நிலைக்குப் பொறி ஒரு மதிப்பெண் இடுகிறது. சிப்பாய்க்கு ஒன்று, குதிரைக்கும் பிஷப்புக்கும் மும்மூன்று, யானைக்கு ஐந்து, ராணிக்கு ஒன்பது என்பது அடிப்படைக் கணக்கு. ஒரு நகர்த்தல் கேடானது என்பதை எதிரியின் ஒரு மறுமொழியே காட்டிவிட்டால், ஏனைய மறுமொழிகளை ஆராயாமல் அக்கிளையை வெட்டிவிடலாம். இம்மூன்றையும் அறிந்தவன் ஓர் எளிய சதுரங்க நிரலை எழுதிவிடலாம். எழுதிய பின்னர்தான் உண்மையான கல்வி தொடங்குகிறது.

காணாமற்போன 258

நிரல் விதிகளைச் சரியாக அறிந்துள்ளதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. தொடக்க நிலையிலிருந்து ஆடத்தக்க வழிகளையெல்லாம் எண்ணச் சொல்ல வேண்டும். வெள்ளையின் முதல் நகர்த்தலுக்கு 20 வழிகள். கருப்பும் ஒரு முறை ஆடினால் 400. மூன்றாம் நகர்த்தலின் இறுதியில் 8,902. நான்காவதில் 1,97,281. ஐந்தாவதில் 48,65,609. உலகில் எவர் எழுதிய நிரலாயினும், சரியான நிரல் என்றால் இவ்வெண்களையே தரவேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பிழை.

என் நிரல் நான்காம் நகர்த்தல் வரை சரியாக எண்ணியது. ஐந்தாவதில் 48,65,351 என்றது. 258 குறைவு.

ஏறத்தாழ நாற்பத்தொன்பது இலட்சத்தில் 258 என்பது பெரிய குறையா என்று கேட்கலாம். வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் எழுந்து வீட்டுக்குப் போக முடியாத தொழிலில் இருந்தவன் நான். பதினோர் இரவுகள் தேடினேன். குதிரையைச் சோதித்தேன். ராணியைச் சோதித்தேன். பலகையின் ஓரங்களை ஆராய்ந்தேன். எல்லாம் சரியாக இருந்தன.

பன்னிரண்டாம் இரவு உண்மை புலப்பட்டது. இரண்டு கட்டம் தாண்டிவரும் சிப்பாயை, பக்கத்தில் நிற்கும் எதிரிச் சிப்பாய், அது ஒரு கட்டமே வந்ததாகக் கொண்டு, உடனடுத்த நகர்த்தலில் வெட்டலாம் என்றொரு விதி உண்டு. அதனை நான் படித்திருந்தேன். ஆனால் எழுதும்போது கை மறந்துவிட்டது. ஏனெனில், நான் வளர்ந்த பலகையில் சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டுவதே இல்லை. தாண்டாத சிப்பாயைத் தாண்டியபோது வெட்டும் விதி எதற்கு? தந்தையாரின் துணிப்பலகை என் நிரலுக்குள் அமர்ந்து 258 வழிகளை மறைத்துக்கொண்டிருந்தது. விதியைச் சேர்த்து ஓட்டினேன். 48,65,609 என்று திரையில் வந்தது.

அந்த இரவில் நான் அடைந்த இன்பத்தை வேறெதனுடனும் ஒப்பிட இயலவில்லை. மறுநாள் காலை தந்தையாரிடம் சொன்னேன். "நம்ம ஆட்டத்தில் அந்தத் தொல்லையே இல்லையே!" என்று சிரித்தார்கள். அன்று முதல் ஒரு குறிப்பேட்டில், நான் செய்த பிழை ஒவ்வொன்றையும், அதைக் கண்டுபிடித்த நாளையும், பிழை பிறந்த காரணத்தையும் எழுதத் தொடங்கினேன். இன்று அத்தகைய குறிப்பேடுகள் மூன்று என்னிடம் உள்ளன.

ஒரு மாணவரும் நானும்

2006ஆம் ஆண்டு, அண்டை வீட்டுப் பிள்ளையொருவர், வெளியூரில் பொறியியல் இறுதியாண்டு பயின்றவர், என் நிரலைக் காண விரும்பினார். "பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன், மாமா" என்றார். மகிழ்ச்சியோடு குறுந்தகட்டில் படி எடுத்துக் கொடுத்தேன். கேட்டுப் பெற ஒருவர் வந்தாரே என்ற பெருமிதம் எனக்கு.

நான்கு திங்கள் கழித்து இனிப்புப் பொட்டலத்துடன் வந்தார். அவருடைய செயல்திட்டம் மிகுந்த மதிப்பெண் பெற்றதாம். கட்டடம் செய்யப்பெற்ற அறிக்கையை என் கையில் தந்தார். திறந்து பார்த்தேன். என் நிரல், அப்படியே. முதற் பக்கத்தில் அவர் பெயர். உள்ளே, ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதி நான் இட்டுவைத்த குறிப்புகள்கூட மாறாமல் அச்சாகியிருந்தன. 'இது ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை. பிறகு பார்க்க' என்பது ஒன்று. 'அத்தா உறங்குகிறார்கள், ஒலி வேண்டாம்' என்பது மற்றொன்று. காய் நகரும்போது எழும் ஒலியை நிறுத்திய இடத்தில் நான் எழுதியது அது.

"ஒலியை ஏன் நிறுத்தியிருக்கிறாய் என்று தேர்வாளர் கேட்டார், மாமா. எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. தாம் செய்தது தவறு என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. இனிப்பை வாங்கி வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இனி எவர்க்கும் தருவதில்லை என்று உறுதி செய்துகொண்டு, நிரலைத் திறந்து, ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் என் பெயரை எழுதத் தொடங்கினேன். ராஜாவின் பாதுகாப்பை மதிப்பிடும் பகுதிக்கு வந்தபோது என் விரல்கள் நின்றன.

அந்தப் பகுதி என்னுடையது அன்று.

2000ஆம் ஆண்டு வாக்கில், நகரிலிருந்த ஓர் இணைய மையத்தில் மணிக்கணக்கில் கட்டணம் கட்டி அமர்ந்து, பிறர் எழுதிய நிரல்களை நெகிழ்வட்டில் பதித்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். அலபாமா பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹயட் தம் 'கிராஃப்டி' நிரலின் மூலவரிகளை எவரும் படிக்கும்படி வைத்திருந்தார். 1983, 1986 ஆகிய ஆண்டுகளில் கணிப்பொறிகளுக்கான உலகப் பட்டத்தை வென்ற 'கிரே பிளிட்ஸ்' நிரலை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். அத்தகையவர் தம் அறிவைத் திறந்து வைத்தார். முன்பின் அறியாத நான் இங்கே அமர்ந்து கற்றேன். அவ்வாறு படித்த பல நிரல்களுள் ஏதோ ஒன்றிலிருந்து, அந்த எண்களின் அட்டவணையை எடுத்து, பெயர்களை மட்டும் தமிழாக்கி, என் நிரலில் வைத்திருந்தேன். எதிலிருந்து எடுத்தேன் என்று குறித்து வைக்கவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, அது என்னுடையதே என்று நானும் நம்பிவிட்டேன்.

அண்டை வீட்டுப் பிள்ளை என் குறிப்புகளை மாற்றாமல் விட்டார். நான் மாற்றியிருந்தேன். எங்கள் இருவருக்கும் இருந்த வேறுபாடு அவ்வளவே.

நன்றி கூறி வெளியிடலாகாதா?

பிறர் நிரலைத் தமதாக்குவது சிறு செய்தி அன்று என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. 'ஃப்ரூட்' என்னும் நிரலைப் பிரான்சு நாட்டவர் ஒருவர் 2005இல் எவரும் படிக்கும்படி வெளியிட்டார். அதன்பின் தோன்றிய 'ரிப்கா' என்னும் நிரல் 2007 முதல் 2010 வரை நான்கு முறை கணிப்பொறி உலகப் பட்டங்களை வென்றது. 2011இல், கணிப்பொறி ஆட்டங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் ஆய்வு நடத்தி, ரிப்காவில் 'ஃப்ரூட்', 'கிராஃப்டி' ஆகியவற்றின் பகுதிகள் உள்ளன என்று கூறிப் பட்டங்களைப் பறித்தது. ஆயுள் தடையும் விதித்தது. அதன் ஆசிரியர் குற்றச்சாட்டை மறுத்தார். அந்த ஆயுள் தடை முறையன்று என்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் நெறிமுறைக் குழு 2015இல் கருதியது. கருத்துகளைக் கற்பது எங்கே முடிகிறது, வரிகளை எடுப்பது எங்கே தொடங்குகிறது என்பதில் வல்லுநர்களே உடன்படவில்லை. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அச்செய்தியைப் படித்தபோது என் ராஜாவின் பாதுகாப்பு அட்டவணை நினைவுக்கு வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எடுத்தவற்றுக்கு நன்றியுரை சேர்த்து வெளியிட்டுவிடலாமே என்று அறிவுடையோர் கேட்பர். 2019இல் அதற்கு முயன்றேன். ஏறத்தாழ ஒன்பதாயிரம் வரிகளைத் தாளில் அச்சிட்டு, பச்சை மை, சிவப்பு மை, பென்சில் என மூன்றையும் வைத்துக்கொண்டு அமர்ந்தேன். என்னுடையவை என்று உறுதியாகத் தெரிந்தவற்றுக்குப் பச்சை. பிறருடையவை என்று தெரிந்தவற்றுக்குச் சிவப்பு. ஐயத்துக்கு உரியவற்றுக்குப் பென்சில். இரண்டு திங்கள் உழைத்தேன். பச்சை மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. சிவப்பு சிறிது. எஞ்சியவை எல்லாம் பென்சில்.

பிறர் நிரல்களை எடுத்தாள்வதற்கு விதிகளும் பலவகைப்படும். சில படிப்பதற்கு மட்டும் உரியவை. சிலவற்றின் பகுதியைச் சேர்த்தால், நம் நிரல் முழுவதையும் அதே உரிமையோடு பிறர்க்குத் திறந்து தரவேண்டும். அதில் எனக்குத் தடையில்லை. ஆனால் எந்த வரி எந்த விதிக்கு உட்பட்டது என்று தெரியாதபோது எதைச் சொல்லித் திறப்பது? யாருக்கு நன்றி கூறுவது? வீட்டளவில் ஆடும் வரை அந்நிரல் ஒரு மாணவனின் பயிற்சி ஏடு. மேடையில் என் பெயருடன் வெளியிட்டால் அந்த நொடியில் அது ஒரு பொய்யாகிவிடும். அதுவும் ஆசிரியர்கள் அமர்ந்திருக்கும் மேடையில்.

பென்சில் பகுதிகளை அழித்துப் புதிதாக எழுதலாம் என்றும் முயன்றேன். கண் வழியே புகுந்தது கை வழியே மீண்டும் அப்படியே வந்தது. இருபது ஆண்டுகளாக மனத்தில் பதிந்ததை மறந்து எழுதும் ஆற்றல் எனக்கில்லை.

ஏடும் விடையும்

இனி, ஐயா அவர்கள் சொன்ன ஏட்டுக்கு வருகிறேன். அதற்கு விடை கூறாமல் இக்கட்டுரை முடியாது.

கும்பகோணத்தில் 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட ஒரு கேள்வியால் உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைத் தேடத் தொடங்கியதையும், 1887இல் அதனைப் பதிப்பித்ததையும் ஐயா வகுப்பில் சொன்னபோது நான் முதல் வரிசையில் இருந்தேன். ஊர் ஊராக அலைந்து அவர் தேடிய ஏடுகள் பலவற்றைச் செல்லரித்திருந்தது. சிலவற்றை ஆற்றில் விட்டிருந்தனர். கொடுக்க மறுத்தவர்களால் தமிழ் இழந்தது சிறிதன்று.

ஆயினும், அந்த ஏடுகளும் என் நிரலும் ஒன்றல்ல என்று பணிவோடு கூற விரும்புகிறேன். அவை, வேறு படி இல்லாதவை. என் நிரலைப் பூட்டி வைப்பதால் உலகில் எவர்க்கும் எதுவும் குறையவில்லை. 2008இல் தோன்றிய 'ஸ்டாக்ஃபிஷ்' என்னும் நிரல், மூலவரிகளோடு, விலையின்றி, விரும்பும் எவர்க்கும் கிடைக்கிறது. கைப்பேசியில் இருந்துகொண்டே அது உலக வாகையரையும் வெல்லவல்லது. என் நிரலோ என்னை வெல்லும். நகரச் சதுரங்கக் கழகத்தின் நல்ல ஆட்டக்காரரிடம் தோற்கும். ஆடுவதற்கு நிரல் வேண்டுவோர் என் வாயிலில் நிற்கத் தேவையில்லை.

அங்ஙனம் வாதிட்டு என் மனத்தை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தபோதுதான் வேறொருவர் நினைவு வந்து அமைதியைக் கெடுத்தது. இந்நாட்டில் தோன்றிய சதுரங்கம் பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆயிற்று. அரபு நாடுகளில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. பத்தாம் நூற்றாண்டில், அப்பாசியக் கலீபாக்களின் பாக்தாது அவையில் வாழ்ந்தவர் அபூபக்கர் அஸ்ஸூலி. தம் காலத்தின் ஈடற்ற ஆட்டக்காரர். அவர் ஓர் ஆட்டப் புதிரை விட்டுச் சென்றார். தாம் கற்பித்தவர்களைத் தவிர வேறெவராலும் அதனை விடுவிக்க இயலாது என்று எழுதினார். அவருடைய விடை நமக்குக் கிட்டவில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1980களில், சோவியத் நாட்டின் கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் அதற்கு விடை கண்டார்.

விடை கிடைத்துவிட்டது. ஆனால் அஸ்ஸூலி அந்த விடையை எவ்வாறு அடைந்தார்? எத்தனை முறை வழி தவறினார்? எந்த இடத்தில் திரும்பினார்? அவருடைய மாணவர்களுக்குத் தெரிந்த அந்த வழி அவர்களோடு போயிற்று. அதனை அவெர்பாக்காலும் மீட்டுத் தர இயலாது. இதை எண்ணியபோது என் மேசையறையில் உறங்கும் மூன்று குறிப்பேடுகள் கண்முன் வந்தன. ஐயா கேட்ட ஏடு அவைதாம் என்பது அப்போது புரிந்தது. நான் பூட்டி வைக்க வேண்டியதைப் பூட்டினேன். அதனுடன், பூட்டக் கூடாத ஒன்றையும் சேர்த்துப் பூட்டிவிட்டேன்.

கொடுப்பது எது

நிரலில் எது என்னுடையது என்று என்னால் உறுதி கூற இயலவில்லை. ஆனால் குறிப்பேடுகளில் உள்ள பிழைகள் ஐயத்துக்கு இடமின்றி என்னுடையவை. அவற்றை நான் எவரிடமிருந்தும் எடுக்கவில்லை. தோற்கின்ற ஆட்டத்தில் தன் ராணியைத் தானே பலி கொடுத்துவிட்டு, எதிரி அதை வெட்டுவதைப் பார்க்காமல் பாதியில் கணக்கை நிறுத்திக்கொண்ட நிரலின் கதை அவற்றில் உள்ளது. வெற்றி உறுதியான நிலையில், எந்த வழியிலும் வெல்லலாம் என்பதால் எந்த வழியிலும் செல்லாமல், யானையை முன்னும் பின்னும் நகர்த்தியே ஆட்டத்தைச் சமன் செய்த கதை உள்ளது. அதைச் சரிசெய்ய, விரைவில் கிட்டும் வெற்றிக்குக் கூடுதல் மதிப்பெண் இட்ட செய்தியும் உள்ளது. காணாமற்போன 258இன் கதை முதல் ஏட்டின் முதல் பக்கத்தில் உள்ளது.

அம்மூன்று குறிப்பேடுகளையும் தமிழ்த்துறை நூலகத்துக்கு அளிக்க எண்ணியுள்ளேன். என் கையெழுத்து நன்றாயிராது; பொறுத்துக்கொள்ள வேண்டும். துறைத் தலைவர் இசைந்தால், திங்களில் ஒரு சனிக்கிழமை கல்லூரிக்கு வந்து, சதுரங்க நிரல் எழுத விரும்பும் மாணவரோடு அமர்வேன். எத்துறை மாணவராயினும் வரலாம். ஒரே ஒரு நிபந்தனைதான். வெறுந்திரையிலிருந்து தொடங்க வேண்டும். பிறரிடமிருந்து ஒரு வரி எடுத்தாலும், எடுத்த அன்றே, எவரிடமிருந்து என்று எழுதிவைக்க வேண்டும். நான் செய்யத் தவறியது அதுவே.

ஆயத்தமான நிரலைக் கொடுப்பதைவிட இது மெதுவான வழி. ஆனால் குறுந்தகட்டைப் பெற்றுச் சென்ற அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்தது என்ன என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். மதிப்பெண் கிடைத்தது. ஆனால் பன்னிரண்டாம் இரவு கிடைக்கவில்லை. தேர்வாளர் ஒரு வரியைச் சுட்டி 'ஏன்' என்றபோது, அவரிடம் விடை இல்லை. அந்த வரிக்குப் பின்னால் உறங்கிக்கொண்டிருந்தவர் என் தந்தையார். அவருடைய தந்தையார் அல்லர். அவர்மீது எனக்கு இன்று வருத்தம் இல்லை. கேட்டதைக் கொடுத்தேன், அவருக்குத் தேவையானதைக் கொடுக்கவில்லை. குறை என்னுடையது.

தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஒலியை நிறுத்த வேண்டிய தேவை வீட்டில் இல்லை. ஆயினும் அந்த வரியை நான் நீக்கவில்லை. பச்சை மையில் அடிக்கோடிட்ட வரிகளுள் அதுவும் ஒன்று.

கட்டுரையை இதுவரை படித்த மாணவர்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் எழுதும் நிரல் ஐந்தாம் நகர்த்தலில் 48,65,351 என்று காட்டினால், காரணம் இன்னதென்று மேலே சொல்லிவிட்டேன். உங்களுக்கு உரிய ஒரு பன்னிரண்டாம் இரவை நானே பறித்துக்கொண்டேன். பொறுத்தருள்க. கவலை வேண்டா, வேறு பிழைகள் பல உங்களுக்காகக் காத்திருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன்.

ஐயா அவர்களே, மறுத்தமைக்கு மீண்டும் மன்னிப்பை வேண்டுகிறேன். பெட்டியின் திறவுகோல் என்னிடமே இருக்கட்டும். குறிப்பேடுகளோடு விழா நாளன்று வருகிறேன்.